குடற்புண்ணும் கூட்டுறவும்

ஓர் ஊரின் உண்மையான நிலையை அறிய அவ்வூர்க் கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பேரேட்டைக் காட்டிலும் நல்ல கண்ணாடி வேறில்லை. வலை வாங்கிய கடன், படகு பழுதுபார்த்த கடன், பிள்ளையின் படிப்புக்கு வாங்கிய கடன் என்று ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லும். அவற்றினிடையே ‘வைத்தியச் செலவு’ என்னும் சொற்கள் திரும்பத் திரும்பத் தென்படுவதைக் கணக்குகளைப் பார்வையிடும் எவரும் அறிவர். கடனை எவ்வாறு வசூலிப்பது என்று நெடுநேரம் ஆலோசிக்கும் நாம், அக்கடன் ஏன் பிறந்தது என்று ஆலோசிப்பது அரிது. வயிற்றுப்புண் என்றும் குடற்புண் என்றும் அல்சர் என்றும் மக்கள் வழங்கும் நோயினால் உண்டாகும் செலவைப் பற்றி இம்மாதம் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். ஏனெனில், இது பெரும்பாலும் தீர்க்கக்கூடிய நோய். தீர்க்கக்கூடிய நோய்க்கு ஆயுள் முழுவதும் செலவு செய்வது சிக்கனமும் ஆகாது, கூட்டுறவும் ஆகாது.

கூட்டுறவு ஆய்வாளர் என்ற முறையில் ஊர் ஊராகச் செல்லும் நமக்குப் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களே இப்பொருளை எழுதத் தூண்டின. நெசவாளருக்கும் விவசாயிகளுக்கும் உரிய இதழில் மீனவர் பேச்சு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். பழவேற்காடு நெசவுக்கு அந்நியமான ஊரன்று. டச்சுக்காரர் 1613-இல் அங்கே கெல்டிரியாக் கோட்டையைக் கட்டி, 1690 வரையில் சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமையிடமாக அவ்வூரையே வைத்திருந்தனர். அவர்கள் தேடி வந்த சரக்குகளுள் முதன்மையானது இக்கரையில் நெய்த துணியேயாகும். இன்றும் அவ்வூர்ப் பெண்கள் பலர் பனையோலை முடைந்து பிழைக்கிறார்கள்; சுற்றிலும் பொன்னேரி வட்டத்து நெல்வயல்கள் இருக்கின்றன. தறியில் அமர்ந்தவனுக்கும், ஏர் பிடித்தவனுக்கும், வலை இழுத்தவனுக்கும் வயிறு ஒன்றே. அதில் வரும் புண்ணும் ஒன்றே.

மீனவரின் வயிறு

சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் மிகப் பெரிய உப்பங்கழி பழவேற்காடு ஏரியாகும். அதன் கரையிலும், கடலுக்கும் ஏரிக்கும் இடையிலுள்ள மணல் திட்டிலுமாகக் கோட்டைக்குப்பம், அரங்கம்குப்பம், சாத்தான்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. ஏரியில் இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு அங்குத் தலைமுறை தலைமுறையாக நிலவி வருகிறது. கூட்டுறவுச் சட்டம் பிறப்பதற்கு முன்பே கூட்டுறவை நடத்திக் காட்டியவர்கள் அம்மக்கள் என்றால் மிகையாகாது.

ஆயினும் அவர்கள் உண்ணும் நேரத்துக்கு எந்த முறையும் இல்லை. விடியற்காலத்தில் வெறும் வயிற்றோடு படகேறி, மீன் ஏலம் போன பிறகு உண்பவர் பலர். இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களின் நிலையும் அதுவே. கூடையைத் தலையில் சுமந்து தெருத் தெருவாக மீன் விற்கும் பெண்கள் வீடு திரும்பியபின்தான் அடுப்பை மூட்டுகிறார்கள். முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை ஒன்று. அது கிளப்பும் நெஞ்செரிச்சலுக்கு இன்னொன்று. இவ்விதம் பல ஆண்டுகள் கழிகின்றன. “எனக்கு அல்சர் இருக்கிறது” என்று சொல்வது, “எனக்கு இரண்டு பிள்ளைகள்” என்று சொல்வதைப் போல, மாற்ற முடியாத ஒரு செய்தியாகிவிடுகிறது.

காரணம் கேட்டால் மூன்று பதில்கள் வரும்: காரம், பட்டினி, கவலை. இம்மூன்றும் வலியைக் கூட்டலாம்; ஆனால் புண்ணின் வேர் பெரும்பாலும் இவற்றில் இல்லை. இதைக் கண்டறிய உலகத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. அத்தேடலில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் அதனைச் சற்று விரித்துரைக்கிறோம்.

நெய்யூரும் குன்னூரும்

வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் குடற்புண் மிகுதி என்பதை ஆங்கிலேயர் காலத்து மருத்துவர்களே கவனித்திருந்தார்கள். அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து, 1956 முதல் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி நடந்து வந்தது. எவரெஸ்டுச் சிகரத்தை நோக்கி 1922-லும் 1924-லும் சென்ற குழுக்களில் இடம்பெற்ற ஹோவர்டு சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர், மலையேற்றப் புகழை விட்டு அந்த ஆஸ்பத்திரியில் பல்லாண்டுகள் பணியாற்றினார். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும் பணி புரிந்தார். குடற்புண்ணால் வருந்திய ஏழைகள் திரள் திரளாக அவரை நாடி வந்தனர். இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைத்து உணவுக்கும் அமிலத்துக்கும் வேறு வழி அமைக்கும் அறுவையே அன்று கைகண்ட வைத்தியம்.

அதே காலத்தில் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மக்காரிசன் என்பவர் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவைக் கொடுத்துச் சோதித்தார். கோதுமையும் பாலும் காய்கறியும் உண்ட எலிகள் நலமாயிருக்க, மரவள்ளிக் கிழங்கை முதன்மையாகக் கொண்ட திருவிதாங்கூர் ஏழையின் உணவை உண்ட எலிகளுள் பலவற்றுக்கு வயிற்றில் புண் கண்டது. ஆகவே உணவின் குறையே புண்ணுக்குக் காரணம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. சத்தான உணவு வேண்டும் என்ற அவர் முடிவு இன்றும் மதிக்கத்தக்கதே. ஆனால் ஏழையின் வயிற்றில் உணவுக் குறையோடு கூடவே வேறொன்றும் குடியிருந்தது. அதனை அன்று எவரும் காணவில்லை.

வயிற்றின் அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிர் வாழாது என்பது மருத்துவ உலகின் நம்பிக்கையாக இருந்தது. 1976-இல் சிமெட்டிடின் என்ற அமிலக் குறைப்பு மாத்திரை விற்பனைக்கு வந்தபின் கத்தியின் தேவை பெரிதும் குறைந்தது. எனினும் மாத்திரையை நிறுத்திய சில மாதங்களில் புண் மீண்டும் தலைகாட்டியது. அறுவைக்குப் பதில் ஆயுள் மாத்திரை என்ற நிலை வந்ததே தவிர, நோய் தீரவில்லை.

கிருமியைக் கண்டவர்கள்

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து ஆஸ்பத்திரியில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் நிபுணர், நோயுற்ற இரைப்பைத் திசுக்களில் சுருள் வடிவான கிருமிகளை 1979 முதல் கண்டு குறித்து வந்தார். பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்துகொண்டார். அக்கிருமியைத் தட்டில் வளர்க்கும் முயற்சி பலமுறை தோற்றது. 1982-இல் ஈஸ்டர் விடுமுறையின்போது தட்டுகளை வழக்கம்போல் இரண்டு நாளில் எறிந்துவிடாமல் ஐந்து நாள் விட்டுவைக்க நேர்ந்தது; அப்பொழுது அது வளர்ந்து நின்றது. மெதுவாக வளரும் கிருமிக்குப் பொறுமையே தேவையாயிருந்தது.

பிறர் நம்ப மறுத்தமையால் 1984-இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் தோன்றின. அவருடைய இரைப்பை அழற்சியுற்றிருந்ததும், அங்கே அக்கிருமி பெருகியிருந்ததும் சோதனையில் தெரிந்தன. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர் பெற்ற அக்கிருமியைக் கண்டமைக்காக 2005-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு இருவருக்கும் வழங்கப்பட்டது. 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று உறுதிசெய்யப்பட்ட பட்டியலில் இக்கிருமியையும் சேர்த்துவிட்டது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுகளுள் இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்து வருவதை எண்ணும்பொழுது, இச்செய்தி வடசென்னைக்கு அப்பால் ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் உள்ள ஏரிக்கரைக்கும் பொருந்துவதே.

அக்கிருமி அமிலத்தில் பிழைக்கும் விதம் வியப்புக்குரியது. அது யூரியேஸ் என்னும் நொதியைச் சுரந்து, வயிற்றிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை மாற்றிக்கொள்கிறது. பிறகு இரைப்பைச் சுவரின் மேலுள்ள கோழைப் படலத்துள் புகுந்து ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. அதன் தொல்லையால் சுவர் அழற்சியுறுகிறது. பலருக்கு அமிலச் சுரப்பும் மிகுகிறது. கரை அரிக்கப்பட்ட இடத்தில் வெள்ளம் புகுவதுபோல, காப்புக் குறைந்த இடத்தில் அமிலம் புண்ணாக்குகிறது. அமிலத்தை மட்டும் குறைத்தால் வெள்ளம் வடியும். உடைந்த கரை உடைந்தபடியே இருக்கும்.

கணக்கு என்ன சொல்கிறது?

கூட்டுறவாளருக்குக் கணக்கே சாட்சி. முன்சிறுகுடற் புண்ணை அமிலக் குறைப்பு மாத்திரையால் மட்டும் ஆற்றி நிறுத்திவிட்டால், ஓராண்டுக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது திரும்பிவிடுகிறது. கிருமியை ஒழித்துவிட்டாலோ, பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே திரும்புகிறது. ஒருபுறம் 14 நாள் சிகிச்சை. மறுபுறம் முடிவில்லாத மாத்திரைச் செலவும், இழந்த வேலை நாட்களும், என்றேனும் ஒரு நாள் இரத்தக் கசிவோ குடலில் துளையோ ஏற்பட்டு இரவோடிரவாகச் சென்னைக்கு ஓட வேண்டிய ஆபத்தும். எந்த நிர்வாக சபையும் இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் சிகிச்சைக்கு முன் சோதனை வேண்டும். மூச்சுச் சோதனை ஒன்று உண்டு. அடையாளமிட்ட கரி அணுவைக் கொண்ட யூரியாவை நோயாளி குடிக்கிறார். கிருமி இருந்தால் அது யூரியாவை உடைக்க, அந்தக் கரி மூச்சுக் காற்றில் வெளிப்பட்டுக் காட்டிக் கொடுக்கிறது. மலத்தில் கிருமியின் கூறு உள்ளதா என்று பார்ப்பது மற்றொரு வழி. வாய் வழியே குழாய் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி சோதனையில் புண்ணையும் காணலாம். சிறு திசுவை எடுத்துக் கிருமியையும் அறியலாம். இரத்தச் சோதனை என்றோ வந்து போன கிருமியையும் காட்டுமாதலால், இன்று அது உள்ளதா என்பதற்கு அதனை நம்ப இயலாது. சோதனைக்கு முந்திய 4 வாரங்களில் ஆன்டிபயாடிக் உண்டிருந்தாலும், முந்திய 2 வாரங்களில் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகளை உண்டிருந்தாலும், கிருமி இருந்தும் இல்லை என்று வரக்கூடும். ஆதலால் உண்ட மருந்துகளின் பெயர்களை டாக்டரிடம் மறைக்காது கூற வேண்டும். எதை எப்பொழுது நிறுத்துவது என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

எடை குறைதல், விழுங்குவதில் தடை, ஓயாத வாந்தி, சோகை, தார் போன்ற கறுப்பு மலம் ஆகியவற்றுள் ஒன்று காணினும் மாத்திரையால் காலம் கடத்தாமல் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளுதல் வேண்டும். இரத்த வாந்தியும், கறுப்பு மலத்தோடு மயக்கமும், வயிற்றில் திடீரெனக் குத்தி எழும் கடும் வலியும் அந்தக் கணமே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டிய குறிகள்.

பாதித் தவணையின் கேடு

இக்கிருமியை ஒரே மருந்தால் வெல்ல இயலாது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றும், அதனோடு இரண்டு ஆன்டிபயாடிக்குகளும் சேர்ந்த மும்மருந்து முறை ஒன்று. அமிலக் குறைப்பு மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் ஆகிய நான்கும் சேர்ந்த நான்மருந்து முறை மற்றொன்று. மும்மருந்து முறையில் பெரும்பாலும் வழங்கப்படும் கிளாரித்ரோமைசினுக்குக் கிருமிகள் பல இடங்களில் அடங்க மறுப்பதால், நான்மருந்து முறையை 14 நாள் அளிப்பதையே அண்மைக் கால வழிகாட்டு நெறிகள் பலவும் முன்வைக்கின்றன. யாருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர் முடிவு செய்வார். பெனிசிலின் ஒவ்வாதவரும், கருவுற்றவரும், வேறு நோய்க்கு மருந்து உண்பவரும் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி ஒன்றே: எடுத்த சிகிச்சையை முழுவதும் முடிக்க வேண்டும். இதில்தான் நம்மவர் தவறிவிடுகிறார்கள். மருந்து தொடங்கிய நான்கைந்து நாட்களில் எரிச்சல் தணிந்துவிடும். அது அமிலம் குறைந்ததன் விளைவே தவிர, கிருமி மடிந்ததன் அடையாளமன்று. ஆனால் நோயாளி, “குணமாகிவிட்டது, மீதி மாத்திரையை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வோம்” என்று எடுத்து வைக்கிறார். வாயில் உலோகச் சுவை, குமட்டல், பேதி முதலிய சிறு தொல்லைகளும் மருந்தை நிறுத்தத் தூண்டுகின்றன. பிஸ்மத் உண்ணும்போது நாக்கும் மலமும் கறுப்பது இயல்பு. அதைக் கண்டு அஞ்சி நிறுத்துவோரும் உண்டு. பிஸ்மத்தால் வரும் கறுப்புக்கு மயக்கமோ தளர்ச்சியோ இராது. பிசுபிசுப்பான தார் போலவும் இராது. ஐயம் தோன்றினால் மருந்தை எறியாமல் மருந்தெழுதியவரைக் கேட்க வேண்டும்.

பாதித் தவணை கட்டியவனின் கடன் பாதியாவதில்லை. வட்டியும் அபராதமும் சேர்ந்து வளர்கிறது. பாதி மருந்தின் கதையும் அதுவே. வலுவற்ற கிருமிகள் மடிய, மருந்தைத் தாங்கியவை பிழைத்துப் பெருகுகின்றன. அடுத்த முறை அதே மருந்துக்கு அவை அடங்குவதில்லை. வயிற்றுப்போக்குக்கெல்லாம் மெட்ரோனிடசோலைக் கடையில் வாங்கி இரண்டு நாள் உண்ணும் வழக்கத்தால், அம்மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமிகள் நம் நாட்டில் ஏற்கெனவே மிகுந்துள்ளன. ஒருவர் செய்யும் அரைகுறை வைத்தியத்தின் நட்டத்தை ஊரார் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள நேர்கிறது. ஜாமீன் கையெழுத்திட்ட அங்கத்தினருக்கு இது நன்கு விளங்கும்.

மருந்துண்ணும் நாட்களில் மதுவை அறவே விலக்க வேண்டும். மெட்ரோனிடசோல் முடிந்து மூன்று நாள் வரையிலும் தொடக்கூடாது. புகையும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். டெட்ராசைக்ளினைப் பாலோடு உண்டால் அதன் வலு குன்றும். அமிலக் குறைப்பு மாத்திரையை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு உண்பது நலம்.

14-ஆம் நாளோடு கணக்கு முடிந்துவிடவில்லை. மருந்து முடிந்து குறைந்தது 4 வாரங்கள் சென்றபின் மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்து, கிருமி ஒழிந்ததை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். கடன் கட்டியவர் ரசீது பெறாமல் வருவாரோ? இச்சோதனையே நோயாளி பெறும் ரசீது. கிருமி ஒழியவில்லை என்று தெரிந்தால் முன்பு உண்ட ஆன்டிபயாடிக்கை விடுத்து வேறு மருந்துகளால் மறுபடி முயலலாம். அதற்காகவே முதல் மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்தி வைத்தல் அவசியம்.

வலி மாத்திரை

எல்லாப் புண்ணும் கிருமியால் வருவதன்று. டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரைகள் இரண்டாவது பெருங்காரணம். அவை இரைப்பையைக் காக்கும் சுரப்புகளைக் குறைக்கின்றன. கிருமியும் இம்மாத்திரையும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்புக்கும் மேலாகிறது. தலைச்சுமைப் பெண்களும், குனிந்து தறியில் அமர்வோரும், நாற்று நடுவோரும் இதனை மனத்தில் இருத்த வேண்டும். இருதய நோய்க்காக டாக்டர் எழுதிய ஆஸ்பிரினை எவரும் தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் வயிற்றுத் தொல்லை உண்டென்று அவரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டு ஆட்சேபங்கள்

“இக்கிருமி ஊரில் பாதிப் பேருக்கு இருக்குமாமே, அத்தனை பேருக்குமா வைத்தியம்?” என்று சிலர் கேட்கிறார்கள். இந்தியாவில் வயது வந்தோருள் பாதிக்கு மேற்பட்டோரிடம் இக்கிருமி உண்டு என்பது மெய். அவர்களுள் சிறு பங்கினருக்கே புண் உண்டாகிறது என்பதும் மெய். ஆகவே ஊர் முழுவதையும் வரிசையில் நிறுத்தி ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொல்லவில்லை. அவ்வாறு செய்வது மருந்துகளின் வலுவையே அழித்துவிடும். புண் உள்ளவர், முன்பு புண் வந்து இரத்தம் கசிந்தவர், நெடுநாள் வலி மாத்திரை உண்ண வேண்டியவர், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இரைப்பைப் புற்று வந்தவர் ஆகியோர் சோதித்துக்கொள்ள வேண்டும். கிருமி கண்டால் முழுச் சிகிச்சை பெற வேண்டும்.

“ஒழித்தாலும் மறுபடி தொற்றாதோ?” என்பது இரண்டாவது ஆட்சேபம். இக்கிருமி பெரும்பாலும் இளமையில், நெருக்கடியான வீட்டில், ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது. முறையாக ஒழிக்கப்பெற்ற பெரியவர்களுள் ஆண்டுதோறும் மறுபடி தொற்றுக்கு ஆளாவோர் சிறு பங்கினரே. எனினும் நல்ல குடிநீர், கழிப்பிடம், சோறூட்டுமுன் கை கழுவுதல் ஆகியவை இல்லாத இடத்தில் அடுத்த தலைமுறையின் வயிற்றிலும் அது குடியேறும். ஆகவே உப்புக் கரிக்கும் நிலத்தடி நீருக்கு மாறாக நல்ல நீர் வேண்டும் என்று குப்பங்கள் கேட்பது, மருந்து கேட்பதற்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

சங்கங்கள் செய்யத்தக்கவை

வைத்தியம் டாக்டரின் கடமை. வைத்தியத்தை முடிக்க வழி செய்வது சங்கத்தின் கடமை. எந்தச் சங்கமும் தானே மாத்திரை வாங்கி விநியோகிக்கலாகாது. செய்யக்கூடியவை வேறு உள்ளன.

முதலாவதாக, பொது நல நிதி வைத்திருக்கும் சங்கங்கள் அதில் ஒரு சிறு தொகையை வட்டியில்லா முன்பணமாக ஒதுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பொன்னேரிக்கும், தேவைப்படின் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கும் சென்று வரும் செலவு, வெளியில் செய்ய நேரும் சோதனை, அரசு ஆஸ்பத்திரியில் அன்றைக்குக் கிடைக்காத மருந்து ஆகிய மூன்றுக்கும் அது உதவும். மருந்து இலவசமாயினும் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் இலவசமல்ல. ஏழை சிகிச்சையைக் கைவிடுவது பெரும்பாலும் அவ்விடத்திலேதான்.

இரண்டாவதாக, சிகிச்சை பெறுபவர் பரிசோதனைக்குச் செல்லும் நாளில் அவருடைய பாட்டு முறை வந்தால், அதனை மற்றொருவரோடு மாற்றிக்கொள்ள ஊர்ப் பெரியவர்கள் இணங்க வேண்டும். முறை போய்விடுமே என்ற அச்சத்தால் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடுவோர்க்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. நெசவாளர் சங்கங்கள் அதேபோல் பாவு ஒப்படைக்கும் கெடுவைச் சில நாள் நீட்டிக் கொடுக்கலாம்.

மூன்றாவதாக, காசநோய்க்கு மருந்துண்பவரை அடுத்திருந்து கவனிக்கும் முறை நாடறிந்ததே. அதுபோல 14 நாளும் வேளைதோறும் அட்டையில் குறியிட, வீட்டாருள் ஒருவரோ அண்டை வீட்டாரோ பொறுப்பேற்கலாம். ஒரு நாளைக்குப் பல வேளை, பல மாத்திரை உண்ண வேண்டிய சிகிச்சையில் நினைவூட்டுபவரும் ஒரு மருந்துக்குச் சமம்.

நான்காவதாக, பொதுச் சபை கூடும் நாளில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரை அழைத்து, அமிலக் குறைப்பு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உண்பவர்கள் அவரைத் தனியே சந்திக்க ஏற்பாடு செய்யலாம். நோயாளியின் பெயரைச் சபையில் வாசிப்பதோ தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதோ கூடாது. கடன் பாக்கியே ஆயினும் ஒருவரை அவமானப்படுத்தாமல் பேசுவது நம் மரபு. நோய்க்கு அம்மரியாதை இன்னும் அதிகம் வேண்டும்.

இவற்றுக்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. புதிய சட்டமும் வேண்டியதில்லை. நெய்யூரில் ஏழைகள் அறுவை மேசையில் படுத்தார்கள். அன்று வேறு வழி இல்லை. இன்று வழி தெரிந்துவிட்டது, மருந்தும் இருக்கிறது. எஞ்சியிருப்பது 14 நாள் விடாப்பிடியும், அந்த 14 நாளும் ஒருவரைத் தனியே விடாத அக்கம்பக்கமுமே. ஏரியின் மீனை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்த மக்களுக்கு இது அரிதன்று. அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஒரு வரி ஒதுக்குமாறு தலைவர்களையும் காரியதரிசிகளையும் வேண்டிக்கொள்கிறோம். அந்த ஒரு வரி, பேரேட்டில் ‘வைத்தியச் செலவு’ என்று இனி எழுத வேண்டிய பல வரிகளைக் குறைக்கும்.